மூன்றாம் நாள் பால்

என் வேலை பாலை நம்பாமல் இருப்பது.
மொரோக்கோவில், துக்காலா சமவெளியில்,
சர்க்கரை பீட்ரூட் வயல்களுக்கு நடுவே
தகரக் கூரை போட்ட கொள்முதல் நிலையம்.
விடிவதற்குள் கழுதைகள், மொபெட்டுகள்,
பிரேக் இல்லாத ஒரு சைக்கிள்.
கேனைத் திறந்ததும் லாக்டோமீட்டரை இறக்குவேன்.
தண்ணீர் கலந்திருந்தால் அது ஆழமாய் மூழ்கும்.
கலந்தவர் முகத்தைப் பார்க்க மாட்டேன்.
பதினொரு வருடமாய் இப்படி.

அந்த ஏப்ரலில் கைபேசிகள் ஒரே வார்த்தையைச் சொல்லின:
வாங்காதே.
நீல மூடிப் பாலை, அதன் தயிரை, அதன் வெண்ணெயை.
யார் ஆரம்பித்தது, தெரியாது.
கொடி இல்லை, ஊர்வலம் இல்லை.
ஒருவர் கடையில் எதையோ
எடுக்காமல் நடந்து போனால்
எந்தப் போலீஸ் அவரைப் பிடிக்கும்?
காசாபிளாங்காவில் டாக்ஸி ஓட்டும் தம்பி மில்லூதி
குரல்செய்தி அனுப்பினான்:
"அலமாரியிலேயே புளிக்கட்டும் அக்கா!"
சிரித்தேன். நானும் நிறுத்தியிருந்தேன்.

கறந்த பால் மடி ஏறாது என்பார்கள்.
எங்கள் பாலோ
நகரம் போய், குளித்து, உடுத்தி,
மூடி போட்டுக்கொண்டு,
இரண்டு மடங்கு விலையோடு
எங்கள் ஊர்க் கடைக்கே திரும்பிவரும்.
விட்டுப்போன வீட்டுக்கு
விருந்தாளியாக வருகிற மாதிரி.

ஜூனில் நிலையச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள்.
மூன்று நாளில் ஒரு நாள் பால் எடுக்கப்பட மாட்டாது.
வருத்தம் தெரிவிக்கப்பட்டிருந்தது.
கையெழுத்து இல்லை.
மூன்றாம் நாளும் மடிகள் கனத்தன.

பூஷ்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும்.
தாளை வேண்டுமென்றே படிக்கவில்லை.
இரண்டு மாடு, பதினெட்டு லிட்டர்,
வழக்கம்போல் கேனை என் முன்னால் வைத்தார்.
வழக்கம்போல் மீட்டரை இறக்கினேன்.
நல்ல பால்.
"இன்றைக்கு எடுப்பதில்லை" என்றேன்.
"யார் எடுப்பதில்லை?"

அதை அளக்க என்னிடம் கருவி இல்லை.
கம்பெனி என்று சொல்லியிருக்கலாம்.
மக்கள் என்று சொல்லியிருக்கலாம்.
நான்
என்றும் சொல்லியிருக்கலாம்.
அந்த வாரம் என் கூடையில் வெங்காயம் இருந்தது,
புதினா இருந்தது, தயிர் இல்லை.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்:
பழைய ஏச்சு.
எது பூனை என்றே தெரியாமல்
காவல் நிற்பவளை
எப்படி ஏசுவது?

அவர் மனைவி தாமு
அந்தப் பாலைக் கடைந்து மோராக்கி
நெடுஞ்சாலை ஓரம் பிளாஸ்டிக் பாட்டிலில் விற்றாள்.
லாரிக்காரர்கள் நின்றபடியே குடித்துவிட்டு
மீசையைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.
நானும் ஒரு பாட்டில் கேட்டேன்.
மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லத் தொடங்கினேன்.
அவள் மூடியைத் திருகியபடியே சொன்னாள்:
"என் பையனுக்கு அந்தத் தயிரை
வாங்கிக் கொடுத்து இரண்டு வருடமாகிறது.
அப்போது அதற்குப் பெயர் இல்லை.
இப்போது புறக்கணிப்பு என்கிறார்கள்."
சில்லறையை எண்ணித் தந்தாள்.
ஒரு காசுகூடக் குறையவில்லை.

இலையுதிர் காலத்தில் விலை இறங்கியது,
கொஞ்சம்.
நெடுஞ்சாலையில் பெரிய படம் வைத்தார்கள்:
ஒரு விவசாயி சிரிக்கிறார்.
பூஷ்தாவின் தொப்பி மாதிரியே தொப்பி,
பற்கள் மட்டும் வேறு யாருடையவோ.
"ஜெயித்துவிட்டோம் அக்கா!" என்றான் மில்லூதி.
பொய்யில்லை. ஜெயித்துத்தான் இருந்தான்.
அவனுக்கும் மூன்று குழந்தைகள்.

தாளைக் கிழித்தார்கள். பசை மட்டும் சுவரில் நின்றது.
பூஷ்தா வந்தார். அதே கேன்.
தூக்கிய விதத்திலேயே தெரிந்தது.
செவலை மாட்டை ஆகஸ்ட் சந்தையில்
கொடுத்துவிட்டிருந்தார்.
என் கை பழக்கத்தில்
பேரேட்டில் பதினெட்டு என்று எழுதிவிட்டது.
எட்டிப் பார்த்தவர்,
"அப்படியே விடேன்" என்றார்.
இருவரும் சிரித்தோமா, நினைவில்லை.

அடித்தேன்.
ஒன்பது.
மீட்டரைக் கழுவினேன்.
அடுத்த கழுதை அதற்குள்
பாதி உடம்பை உள்ளே நுழைத்திருந்தது.